ஏழு நாள் கழித்து வராதீர்கள்: லஞ்சம், பினாமி, கறுப்புப் பணம், வாசகர் கேள்வி-பதில்

பெயர் வேண்டாம், அல்சூர்: காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) மாற்றித் தர ஒருவர் 15 ஆயிரம் வாங்கினார். மூன்று மாதமாகியும் வேலை நடக்கவில்லை. புகார் கொடுத்தால் பணம் திரும்புமா?

முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு வருடம் வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் சொல்லியிருக்க வேண்டும். இதை எத்தனை முறைதான் எழுதுவது? பணம் கேட்ட அன்றே, கொடுப்பதற்கு முன்னாலேயே, பெங்களூரு எம்.எஸ். பில்டிங்கில் இருக்கும், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்ஆயுக்தாவுக்குப் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கொடுப்பவர் மேல் குற்றம் இல்லை. இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு வக்கீலை. தனியாகப் போய் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு தாய், மர்பி டவுன்: மகனின் வங்கிக் கணக்கை மாதம் 5 ஆயிரத்துக்கு வாடகைக்குக் கேட்கிறான் அவன் நண்பன். கொடுக்கலாமா?

கூடாது. யாரையோ ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை. ஏடிஎம் கார்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-லும் சொல்லுங்கள்.

வாசகர், ஜெயநகர்: லோக்ஆயுக்தா வலையில் எப்போதும் குமாஸ்தாக்களே சிக்குகிறார்கள். பெரியவர்கள் எங்கே?

நல்ல கேள்வி. லோக்ஆயுக்தா போலீஸ் ஃபினால்ஃப்தலின் பவுடர் தடவிக் கொடுத்தனுப்பிய நோட்டை வாங்கியவரின் விரல்களைச் சோடா கரைசலில் நனைப்பார்கள். தண்ணீர் ரோஸ் நிறமாகும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துச் சீல் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள். இப்படிக் கையும் களவுமாகப் பிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆனால் கோடிக்கணக்கான டெண்டரில் கையெழுத்துப் போட்டவர் நோட்டைக் கையால் தொடுவதில்லை. அவர் எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 2018-இல் அதே ஊழல் தடுப்புச் சட்டத்தில் நுழைந்த 17ஏ பிரிவு. அனுமதி பற்றி முடிவு சொல்ல மூன்று மாதம், போதாவிட்டால் இன்னும் ஒரு மாதம். அதற்குள் பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. விசாரணை முடிந்தாலும் வழக்குத் தொடர 19-ஆம் பிரிவின்படி மறுபடி ஒரு அனுமதி.

இந்தக் கேடயம் புதிதல்ல. மூத்த அதிகாரிகளை சிபிஐ தொடாமல் காத்த ‘ஒற்றை உத்தரவு’ என்ற அரசு ஆணையை 1997-இல் ஹவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2003-இல் அதையே 6ஏ பிரிவு என்று சட்டமாகவே கொண்டுவந்தார்கள். 2014-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையும் ரத்து செய்தது. நான்கே வருடத்தில் 17ஏ! முன்பு இணைச் செயலர் முதல் மேலே இருந்தவர்களுக்கு மட்டும். இப்போது எல்லா அரசு ஊழியருக்கும். நேர்மையான அதிகாரி பயமின்றி முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். சரி, அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அனுமதியை அரசிடமே ஏன் விட வேண்டும்? சுதந்திரமான ஓர் அமைப்பிடம் கொடுங்கள், கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று எழுதுங்கள். கோர்ட் வராந்தாவில் பல வருடம் நின்று பார்த்தவன் சொல்கிறேன்: தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஒரு சாட்சி மனம் மாறுகிறார்.

கே.ஆர்.புரம் வாசகர்: பார்க்கிங் சண்டையில் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி என்னை அடித்தார்கள். திட்டமிட்ட குற்றம் என்று வழக்குப் போட முடியுமா?

முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா 111-ஆம் பிரிவுக்குக் கும்பல் வேண்டும், தொடர்ச்சி வேண்டும். முந்தைய பத்து வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகையும் வேண்டும். அடிபட்டதற்குச் சாதாரணப் புகார் கொடுங்கள். மருத்துவச் சான்றிதழ் எங்கே? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே!

கணக்கர், சிவாஜிநகர்: முதலாளி மேல் உள்ள வழக்கில் எனக்கு அமலாக்கத் துறை சம்மன். போகாமல் இருக்கலாமா?

போயே ஆக வேண்டும். அங்கே நீங்கள் சொல்வது உங்களுக்கு எதிராகவும் சாட்சியமாகலாம். போகும் முன் வக்கீலைப் பாருங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம்.

வாசகர், இந்திராநகர்: என் பணத்தில் மச்சான் பெயரில் சைட் (வீட்டு மனை) வாங்கலாமா?

வேண்டாம். வந்த வழியைக் கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்கலாம், மச்சானுக்கு அந்த விலக்கு கிடையாது. பினாமி என்று முடிவானால் சைட் அரசுக்குப் போகும், ஒன்று முதல் ஏழு வருடம் சிறை. அப்புறம், முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். செக் அல்லது வங்கி மாற்று மட்டும்.