ஒரு கிலோ பருப்பு ஒரு மாதம் வருகிறதா?

வாசகியின் கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 41. தோட்டத்தில் இலை எடுக்கும் வேலை. எப்போதும் அசதியாக இருப்பதால் இரத்தம் பரிசோதித்தேன், ஹீமோகுளோபின் 9.4 என்றார்கள். கணவர் ஜீப் ஓட்டுகிறார், வயது 47. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 114. மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. காலையில் டீயும் வர்க்கியும்தான். மாதம் ரேஷன் அரிசி 20 கிலோ, கடையில் இன்னொரு 10 கிலோ, ஒரு கிலோ துவரம்பருப்பு ஆகும். காய்கறிக்குக் குறைவில்லை. ஓட்ஸ், குயினோவா, சத்துப் பவுடர் டின் என்று கடைக்காரர் 2,000 ரூபாய்க்குப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா? எங்கள் சாப்பாட்டில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து வையுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு கிலோ துவரம்பருப்பு மூன்று பேருக்கு முப்பது நாள் வருகிறது என்றால், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 11 கிராம். அடுக்களைக்குப் போய் இரண்டு தேக்கரண்டிப் பருப்பை எடுத்து உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். ஒரு முழு நாளைக்கு உங்கள் பங்கு ஏறத்தாழ அவ்வளவுதான். அதில் இருக்கும் புரதம் இரண்டரை கிராமைத் தொடாது. அதே கணக்கில் அரிசி ஆளுக்கு 333 கிராம் போகிறது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளில் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு பயறு வகைகள் 85 கிராம் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. அரிசி கொஞ்சம் கூடியிருப்பதைவிடப் பருப்பு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்த நிறுவனம் பிறந்தது உங்கள் மாவட்டத்தில்தான். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் அது. 1958-இல்தான் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மெக்காரிசன், கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்றிருந்த சீக்கியரின் உணவில் வளர்ந்த எலிகள் நன்றாக இருந்ததையும், அரிசியே பெரும்பங்காக இருந்த சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை நலிந்து போனதையும் பதிவு செய்தார். அரிசியின் மேல் குற்றம் என்று இதற்குப் பொருளல்ல. அரிசியோடு சேர வேண்டியவை சேரவில்லை என்பதே அதன் சாரம். நூறு ஆண்டு கழிந்தும் நம் தட்டுகளில் அந்தக் குறை அப்படியே இருக்கிறது.

மலையில் இருப்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் ஒரு நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: கேரட்டும் கோஸும் பீன்ஸும் வீட்டு வாசலில் விளைவதால் நம் சாப்பாடு தானாகவே சத்தானதுதான் என்பது. காய்கறி நிறையக் கிடைப்பது பெரிய பேறுதான். ஆனால் உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் காய்கறியாகச் சேராது. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்று வழிகாட்டி சொல்லும்போதே கிழங்கை விலக்கிவிட்டுத்தான் சொல்கிறது. சோற்றுக்குக் கிழங்குப் பொரியல், கிழங்குக் குழம்பு என்று தட்டு நிறைந்தால் மாவுச்சத்தின் மேல் மாவுச்சத்தை வைத்ததாகத்தான் ஆகும். கிழங்கு சமைக்கும் நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பீன்ஸ், மேரக்காய், நூக்கல், கோஸ், கீரை என்று எதுவானாலும் தட்டில் பாதியை அதற்கு விட்டுவிடுங்கள். பீட்ரூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதன் சிவப்பைப் பார்த்து இரத்தம் ஊறும் என்று நம்பி ஜூஸ் போட்டுக் குடிக்கிறார்கள். நூறு கிராம் பீட்ரூட்டில் இருக்கும் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பிடித்தால் பொரியலாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம்.

இனி, யாருக்கு எவ்வளவு என்பது. பெரும்பாலான வீடுகளில் ஆண்பிள்ளைக்குத்தான் சோறு நிறைய விழும், சமைத்தவர் கடைசியில் மிச்சத்தைப் போட்டுக்கொள்வார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட தேவை அளவுகளின்படி, உட்கார்ந்த வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி. மிதமான உடலுழைப்புள்ள பெண்ணுக்கு 2,130 கலோரி. கடின உழைப்பு என்றால் பெண்ணுக்கு 2,720 வரை போகும். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் நாள் முழுவதும் ஏறி இறங்கும் உங்களுக்கும், ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கும் உங்கள் கணவருக்கும் எது பொருந்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரும்புச்சத்தில் இடைவெளி இன்னும் பெரியது: ஆணுக்கு 19 மில்லிகிராம் போதும், மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு 29 வேண்டும். எனவே சோறு குறைய வேண்டியது அவருடைய தட்டில். பருப்பும் முட்டையும் கீரையும் முதலில் விழ வேண்டியது உங்கள் தட்டிலும் மகளின் தட்டிலும்.

உங்கள் இரத்தசோகைக்கு உணவு மட்டும் போதாது என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். வயது வந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான், 9.4 என்பது மிதமான வகை, அதற்கு மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் மருத்துவரிடம் காரணத்தைக் கேளுங்கள். மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமா, குடற்புழு இருக்கிறதா, இரத்த அணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாளணு சோகை இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாளணு 1952-லேயே கண்டறியப்பட்டது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் இரும்பு மாத்திரையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மாத்திரை தொடங்கியபின் மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிட வேண்டாம், அது இயல்பு.

மாத்திரையும் கீரையும் வேலை செய்யாமல் போவதற்கு நம் மலையில் ஒரு பெரிய காரணம் உண்டு. அதைப் பறிப்பதுதான் உங்கள் தொழிலே. தேயிலையில் உள்ள டேனின், செடி வகை உணவில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்துவிடும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் ஒரு டம்ளர் டீயே உடலில் சேரும் இரும்பின் அளவைப் பாதியளவுக்கும் கீழே இறக்கிவிடக்கூடும். தோட்டத்தில் மதியம் தூக்குப்போசியைத் திறந்து சோற்றை உண்டு, கை கழுவிய ஈரம் காயும் முன் பிளாஸ்க்கைத் திறப்பது இங்கே எல்லோருக்கும் வழக்கம். குளிரில் அது எவ்வளவு இதம் என்பது எனக்கும் தெரியும். டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான். காலை பத்து மணி டீயும் மாலை நான்கு மணி டீயும் எந்தச் சத்தையும் கெடுக்காது. மதியம் பிளாஸ்க்கில் சீரகத் தண்ணீரோ வெறும் வெந்நீரோ கொண்டு போகலாம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று உதவுவது வைட்டமின் சி: சோற்றோடு ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு நெல்லிக்காய், பாதிக் கொய்யா, பச்சையாக அரிந்த கோஸ் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் அதே கீரையிலிருந்து கூடுதல் இரும்பு உடலில் சேரும். மாத்திரையையும் டீயோடும் பாலோடும் விழுங்காதீர்கள்.

ரேஷன் அரிசியில் சற்றே வேறு நிறத்தில் கிடக்கும் மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்பட்டது. எறியாதீர்கள்.

உங்கள் கணவரின் 114 என்பது சர்க்கரை நோய் அல்ல, அதன் வாசற்படி. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் முன்நிலை என்போம். 126-ஐத் தொட்டு, மறுமுறை பார்த்தாலும் அப்படியே இருந்தால்தான் நோய். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். ஜீப் ஓட்டுபவர் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் எத்தனை டீ குடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஆறு என்று வைத்துக்கொள்வோம். டீக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்து கிராம் சர்க்கரை என்றால் நாளுக்கு 60 கிராம் ஆகிறது. 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீக்குத் தோதாகக் கடிக்கும் வர்க்கி மைதா, கொழுப்பு, சர்க்கரையால் ஆனது. புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பண்டம் என்ற பெருமை எனக்கும் உண்டு, அதற்காக நாளுக்கு ஐந்தாறு என்று போக முடியாது. டீயை மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் சர்க்கரையைப் பாதியாக்கி, வர்க்கி இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி வறுத்த கடலையை வைத்தால், அவருக்கு அதுவே முதல் மருந்து. இரவுச் சோற்றுக்குப் பதில் களியோ சாமைச் சோறோ செய்யலாமா என்று கேட்பார். செய்யலாம், உங்கள் மாமியார் காலத்தில் இந்த மலையில் அதுதான் உணவு. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிட நார்ச்சத்தும் அதிகம். ஆனால் சாமையும் கேழ்வரகும் மாவுச்சத்துள்ள தானியங்களே. அளவில்லாமல் உண்டால் சர்க்கரை அவற்றாலும் ஏறும்.

பருப்பைக் கூட்டச் சொன்னால், ‘வேகவே மாட்டேன் என்கிறது, கேஸ் தீர்ந்துவிடுகிறது’ என்ற பதில் மலையில் எப்போதும் வரும். அது சாக்கு அல்ல. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், மூடாத பாத்திரத்தில் மொச்சையும் கொள்ளும் மணிக்கணக்கில் கிடக்கும். முந்தின இரவே வெந்நீரில் ஊற வைத்து, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். முளை கட்டுவதென்றால் துணியில் முடிந்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வையுங்கள். சமவெளியில் ஓர் இரவில் வரும் முளைக்கு இங்கே இரண்டு நாளாகலாம். ஒரு நாள் வேக வைத்த பயறு, குளிர் காலத்தில் மறுநாள் காலை மகளின் சுண்டலுக்கும் ஆகும்.

மகள் காலையில் சரியாகச் சாப்பிடாததற்கு நேரமின்மைதான் காரணமாக இருக்கும். இரவே அவித்த முட்டை ஒன்று, அல்லது அந்தச் சுண்டல் ஒரு கிண்ணம், கூட ஒரு வாழைப்பழம். பேருந்துக்கு நின்றுகொண்டே சாப்பிட்டுவிடலாம். பள்ளி மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, முட்டையோடு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கூச்சப்பட்டு வரிசையில் நிற்பதில்லை. அவளிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையைப் பையிலேயே வைத்து மறந்துவிடுகிறாளா என்றும் பாருங்கள்.

கடைக்காரரின் 2,000 ரூபாய்க்கு வருவோம். அதில் கொள்ளு, பாசிப்பயறு, காய்ந்த பட்டாணி மூன்றிலும் ஒவ்வொரு கிலோவும், நிலக்கடலை ஒரு கிலோவும், முட்டை ஐம்பதும் வாங்கினால் பணம் மிஞ்சும். இப்போது வாங்கும் துவரம்பருப்போடு சேர்த்து, ஆளுக்கு 11 கிராமாக இருந்த பருப்பு 44 கிராமாகும். முட்டை, கடலையையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 13 கிராம் புரதம் கூடும். உங்களுக்கு ஒரு நாள் தேவையே 46 கிராம்தான். மிஞ்சும் பணத்தைப் பாலுக்கும் தயிருக்கும் ஒதுக்குங்கள். மகள் கேட்கிறாள் என்று அந்த டின்னையும் வாங்கத்தான் வேண்டுமென்றால், முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பி, சேர்த்த பொருட்களின் வரிசையைப் படியுங்கள். எடை அதிகமுள்ளது முதலில் வரும்படிதான் அதை அச்சிட வேண்டும். முதல் மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால், டின்னை எடுத்த தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுப் பக்கத்து மூட்டையிலிருந்து கடலையை நிறுக்கச் சொல்லுங்கள்.