1603 காட்டி நின்றுவிடும் இன்ஸ்டாலேஷன்: விண்டோஸை அழிக்கும் முன்

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப்பில் (விண்டோஸ் 10, 64 பிட்) கடைக் கணக்குக்கான மென்பொருளை இன்ஸ்டால் செய்துகொண்டிருந்தபோது இடிமழையில் கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் பச்சைக் கோடு முக்கால்வாசி ஓடி, பின்னால் திரும்பி, 1603 என்று காட்டி நின்றுவிடுகிறது. விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
- வாசகர், குளச்சல்

பதில்: உண்டு. விண்டோஸில் இப்போது கை வைக்க வேண்டாம்.

1603 என்ற எண் 'வேலை முடியவில்லை' என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. நடுவில் எது தடுக்கினாலும் விண்டோஸ் இன்ஸ்டாலர் (மென்பொருளைப் போடவும் நீக்கவும் விண்டோஸிலேயே இருக்கும் பகுதி) அதுவரை எழுதியதையெல்லாம் நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்பும். நீங்கள் பார்க்கும் பின்னோக்கிய ஓட்டம் அதுதான். அந்த எண் கடைசியில் வருகிறது. காரணம் அதற்கு முன்பே பதிவாகியிருக்கும். 1603-ஐ மட்டும் கூகுளில் தேடினால் ஆளுக்கொரு வைத்தியம் கிடைப்பது அதனால்தான்.

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதுவே திரும்ப வரும். ரீஸ்டார்ட்தான் முழுதாகத் தொடங்கும்.

பிறகு இன்ஸ்டாலேஷனை ஒருமுறை தோற்கவிடுங்கள். உடனே ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் (கணினியில் நடப்பவற்றின் பதிவேடு) என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போங்கள். சோர்ஸ் பத்தியில் எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் என்றிருக்கும் வரிகளே நமக்கு வேண்டியவை. அந்த வரிகளில் ஈவன்ட் ஐடி 11708 என்றால் 'தோற்றது' என்ற அறிவிப்பு மட்டும். அதே நேரத்தில் அதற்குச் சற்று முன் பதிவான 11 ஆயிரத்து வரிசை எண்ணைப் பாருங்கள். அதில் 10,000-ஐக் கழித்தால் உண்மையான பிழை எண் வரும்: 11935 என்றால் 1935. ஒன்றும் இல்லையென்றால் விண்டோஸ் கீயுடன் ஆர் எழுத்தை அழுத்தி, டெம்ப் என்பதை ஆங்கிலத்தில் இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே (%temp%) அடித்து அந்த ஃபோல்டரைத் திறங்கள். புதிய லாக் ஃபைல் இருந்தால் நோட்பேடில் திறந்து, 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்பதை ஆங்கிலத்தில் தேடுங்கள். அதற்கு மேலுள்ள பத்துப் பதினைந்து வரிகளில் விஷயம் இருக்கும்.

கரண்ட் போனதாகச் சொல்வதால் பாதியில் நின்ற பழைய பதிவுதான் முதல் சந்தேகம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் அந்த மென்பொருளின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஏற்கெனவே போட்ட கணக்குகள் உள்ள டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அன்இன்ஸ்டாலும் மறுத்தால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்' இலவசமாகக் கிடைக்கும். ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் அமைப்புக் குறிப்பேட்டில், சிதைந்த பதிவுகளை அது நீக்கும். இடம் பிடிக்கிறதே என்று சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரை மட்டும் காலி செய்துவிடாதீர்கள். பிறகு எதையும் ஒழுங்காக நீக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது.

அடுத்தது உரிமை. 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தும் சில சமயம் பலிக்காது. ஃபைல்களை எழுதும் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) இயங்குவது உங்கள் பெயரில் அல்ல, சிஸ்டம் என்ற கணக்கில். மென்பொருள் போக வேண்டிய ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி வழியாகப் போய், சிஸ்டம் என்பதற்கு ஃபுல் கன்ட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் டெம்ப் ஃபோல்டரின் பாதையிலும் தமிழ் எழுத்து வரும். யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) அறியாத பழைய இன்ஸ்டாலர்கள் அங்கே தடுமாறும். பெயரைப் பிறகு மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. சி டிரைவில் ஆங்கிலத்தில் டெம்ப் என்றொரு ஃபோல்டர் உருவாக்கி, ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பகுதியில் உங்கள் பயனருக்கான டெம்ப், டிஎம்பி இரண்டையும் அதற்குத் திருப்பிவிடுங்கள். தமிழை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

1935 வந்தால் டாட்நெட் அல்லது விஷுவல் சி பிளஸ் பிளஸ் பக்கம் பாருங்கள். பல மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவைப்படும் மைக்ரோசாஃப்டின் துணைத் தொகுப்புகள் இவை. 64 பிட் விண்டோஸ்தானே என்று 64 பிட் விஷுவல் சி-யை மட்டும் போடுவது வழக்கமான தவறு. மென்பொருள் 32 பிட் என்றால் அதற்கு 32 பிட் தொகுப்புதான் வேண்டும். இரண்டையும் போட்டு வைப்பதில் கெடுதல் இல்லை. டாட்நெட் 3.5 கேட்டால் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பகுதியில் டிக் செய்யுங்கள், இணையம் இணைந்திருக்க வேண்டும். 1618 என்றால் வேறொரு இன்ஸ்டாலேஷன் பின்னால் ஓடுகிறது, முடியட்டும். சேஃப் மோடில் போடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். அங்கே விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் வழக்கமாக இயங்காது.

ஜிப் ஃபைலைப் பிரிக்காமல் உள்ளேயிருந்தே செட்அப்பைக் கிளிக் செய்தாலும் துணை ஃபைல்கள் கிடைக்காமல் தோற்கும். முழுதாகப் பிரித்து சி டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது சிஆர்சி பிழை (ஃபைலின் உள்ளடக்கம் சரிபார்ப்பில் பொருந்தவில்லை என்ற அறிவிப்பு) ஒவ்வொரு முறையும் ஒரே ஃபைலில் வந்தால் டவுன்லோடு கெட்டிருக்கிறது. முறைக்கு முறை இடம் மாறி வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். கடலோர வீடுகளில் உப்புக்காற்று ரேமின் தொடுமுனைகளைக் கெடுக்கும். பவர் வயரைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, தொடுமுனைகளை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துப் பொருத்துங்கள். பிறகு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நகரவில்லையென்றால், ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டிஸ்க் என்ற சோர்ஸில் 7 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹார்ட் டிஸ்கில் கெட்ட பகுதிகள் விழுந்திருக்கின்றன. அந்த டிஸ்கில் விண்டோஸை மாற்றிப் போடுவது வீண். டேட்டாவை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், புதிய டிஸ்கில் போடும் முன் உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியில் சோதித்துக்கொள்ளலாம்.