கைவேலைக் கேள்வி–பதில்: பேட்டர்னை எங்கே பிடித்துத் தொடங்குவது?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பேட்டர்ன், அதாவது வரிசை வரிசையாக எப்படிப் பின்னுவது என்று சொல்லும் குறிப்பு, வாசிப்பது பற்றியவை. தையல் மெஷின் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்திருக்கிறேன்.

ரீச்சர், நுவரெலியாவில் இருக்கும் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. குளிர்ச்சட்டை பின்னி அனுப்ப ஒரு பேட்டர்ன் வாங்கினேன். முழுவதையும் வாசித்து விளங்கிய பிறகுதான் ஊசியை எடுக்கவேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டாம் பக்கத்திலேயே தலை சுற்றுகிறது. – வாசகி, உப்புவெளி

முழுவதும் விளங்கத் தேவையில்லை, தங்கச்சி. நல்ல எண்ணத்தில் சொல்லும் அறிவுரைதான். ஆனால் "இடது முன்பக்கத்தின் 4ஆம் கண்ணியில் நூலை இணைக்கவும்" என்றொரு வரி வந்தால், இடது முன்பக்கமே இன்னும் கையில் இல்லாதவருக்கு அது எப்படி விளங்கும்? அந்தத் துண்டைப் பின்னி மடியில் போட்டுக்கொண்டு வாசித்தால் தானாக விளங்கும்.

என் வீட்டு விறாந்தையில் பின்னல் பழக வரும் பிள்ளைகளில் ஒருத்தி படத்தைப் பார்த்தே எண்ணிப் பின்னிவிடுவாள், எழுத்துப் பக்கம் திரும்பமாட்டாள். வங்கியில் வேலை செய்யும் இன்னொருத்தி முழு பேட்டர்னையும் கொப்பியில் தன் கையால் எழுதி முடிக்காமல் ஊசியைத் தொடமாட்டாள். இருவர் வேலையும் துப்புரவாகத்தான் இருக்கிறது. நான் இரண்டுக்கும் நடுவில். தலைப்பகுதியை ஊன்றி வாசிப்பேன், முதல் வரிசைகளைப் பென்சிலோடு வாசிப்பேன், மிச்சத்தின் மேல் விரலை ஓட்டுவேன்.

தலைப்பகுதியில்தான் அளவு, நூல், ஊசி, சுருக்கெழுத்துகள் எல்லாம் இருக்கும். சட்டை அளவு "3 மாதம் (6, 9, 12)" என்று போட்டிருந்தால், பிறகு வரும் எண்களெல்லாம் அதே ஒழுங்கில்தான் வரும். 9 மாதச் சட்டை என்றால் எங்கும் மூன்றாவது எண் உங்களுடையது. தொடங்கமுதல் எல்லாப் பக்கத்திலும் அந்த எண்ணை மட்டும் வட்டமிட்டுவிடுங்கள், பாதித் தலைசுற்று அதோடு போய்விடும். (3 மாத அளவைப் பின்னாதீர்கள். நீங்கள் பின்னி முடித்து, பார்சல் மலையேறுவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.)

அப்புறம் பென்சில். சிப்பிப் பின்னல் ஒன்றின் முதல் வரிசை இப்படி இருக்கும்: 38 சங்கிலி, ஊசியிலிருந்து 2ஆம் சங்கிலியில் 1 சிங்கிள், * 2 விட்டு, அடுத்ததில் 5 டபுள், 2 விட்டு, அடுத்ததில் 1 சிங்கிள், * இலிருந்து கடைசிவரை. (சிங்கிள் என்றால் குட்டைக் கண்ணி, டபுள் என்றால் நெட்டைக் கண்ணி; இவை அமெரிக்கப் பெயர்கள்.) வரிசை முடிவில் அடைப்புக்குள் மொத்தக் கண்ணி 37 என்று இருக்கும். நட்சத்திரத்துக்குப் பிறகு வருவதுதான் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி. அது ஒரு தடவைக்கு எத்தனை சங்கிலியைத் தின்கிறது? 2, 1, 2, 1, ஆக 6. முதலில் விட்ட சங்கிலி ஒன்று, சிங்கிள் போட்டது ஒன்று, இரண்டையும் கழித்தால் மிச்சம் 36. ஆறு சிப்பி சரியாக உட்காரும். கண்ணியை எண்ணினாலும் முதல் சிங்கிளோடு 37 வருகிறது. இப்படிக் கணக்கு ஒத்துவந்தால்தான் நான் நூலை அவிழ்ப்பேன். ஒத்துவராவிட்டால் நாம் வாசித்தது பிழை, அல்லது அச்சில் பிழை. விலை கொடுத்து வாங்கிய பேட்டர்னிலும் அச்சுப்பிழை இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். இன்னும் அகலம் வேண்டுமென்றால் ஆறு ஆறாகக் கூட்டலாம். ஊசியில் மாட்டியிருக்கும் கண்ணியைச் சங்கிலிக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

மிச்சத்தில் விரல் ஓட்டும்போது நான் தேடுவது "அதே நேரத்தில்" என்ற சொல்லை. கைவளைவைக் குறைத்துக்கொண்டு போகச் சொல்லி நீளமாக எழுதிவிட்டு, அதற்குக் கீழே "அதே நேரத்தில் கழுத்தையும் குறைக்கவும்" என்பார்கள். வரிக்கு வரி பின்னிக்கொண்டு போகிறவர் அந்த இடத்துக்கு வரும்போது கைவளைவு முடிந்திருக்கும், பிறகு அவிழ்க்கத்தான் வேண்டும். அந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் குறித்து வையுங்கள்.

மகனுக்குத் தொழுகைத் தொப்பி பின்னினேன், ரீச்சர். யூடியூபில் பழகினேன், பேட்டர்ன் மாமியின் பழைய ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. "டி.சி" (டபுள் குரோஷே) என்று போட்டபடியே பின்னினேன். தட்டையாக வரவேண்டிய உச்சி குழிந்துபோய், தொப்பியும் பெரிதாகிவிட்டது. – வாசகி, கிண்ணியா

உங்கள் கையில் குற்றமில்லை, மகள். புத்தகம் பிரித்தானிய முறையில் இருந்திருக்கும், நீங்கள் பழகிய வீடியோ அமெரிக்க முறை. அமெரிக்கர் சிங்கிள் என்பதைப் பிரித்தானியர் டபுள் என்பார்கள். அமெரிக்கரின் டபுள் பிரித்தானியருக்கு ட்ரெபிள். புத்தகம் கேட்டது குட்டைக் கண்ணி, நீங்கள் போட்டது நெட்டைக் கண்ணி. குட்டைக் கண்ணியில் சுற்றுக்கு 6 கூட்டினால் வட்டம் தட்டையாக வரும். நெட்டைக் கண்ணிக்கு 12 அளவில் கூட்டவேண்டும். 6 மட்டும் கூட்டியதால்தான் உச்சி குழிந்தது.

எந்த முறை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சுருக்கெழுத்துப் பட்டியலில் "எஸ்.சி", அதாவது சிங்கிள், இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க முறை. இப்போதைய பிரித்தானிய முறையில் அந்தப் பெயர் கிடையாது. அவர்களின் பட்டியல் டபுளில் தொடங்கி ஹாஃப் ட்ரெபிள், ட்ரெபிள் என்று போகும். பழைய புத்தகங்களில் ஊசி இலக்கத்தையும் பாருங்கள். பிரித்தானியப் பழைய 8ஆம் இலக்கம் 4 மில்லிமீற்றர்; அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீற்றர். கடையில் மில்லிமீற்றரைச் சொல்லி வாங்குவதே நல்லது.

ஜப்பானியப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஓர் எழுத்தும் தெரியாது, குறியீட்டுப் படம் மட்டும் இருக்கிறது. முடியுமா? – வாசகி, மூதூர்

தாராளமாக முடியும். எழுத்தைவிட அது இலகு. முட்டை வடிவம் சங்கிலி, கறுப்புப் புள்ளி ஸ்லிப் (இழுத்து இணைக்கும் கண்ணி), பெருக்கல் குறி சிங்கிள். ஆங்கில 'டி' போல வெறுமனே நின்றால் ஹாஃப் டபுள், அதன் காலில் ஒரு சாய்கோடு இருந்தால் டபுள், இரண்டு இருந்தால் ட்ரெபிள் (பெயர்களெல்லாம் அமெரிக்க முறையில் சொல்கிறேன்). வரிசையாகப் பின்னுவதென்றால் முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகவும், பின்பக்க வரிசையை இடமிருந்து வலமாகவும் வாசிக்கவேண்டும். வட்டமென்றால் நடுவில் தொடங்கி, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக. இடக்கைக்காரர் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டர்னில் 10 சென்ரிமீற்றர் சதுரம் பின்னி அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். நூல் வீண்தானே? – வாசகி, பாலையூற்று

மேசைவிரிப்பு, பை என்றால் விட்டுவிடுங்கள், யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை. உடுப்பு என்றால் கட்டாயம் பின்னவேண்டும். அதிலும் நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கம்பளியை விட்டுப் பருத்தி நூலுக்கு மாறுகிறீர்கள் என்றால் இரட்டிப்புக் கட்டாயம், ஏனென்றால் பருத்தி கம்பளியைப்போல் இழுபடாது. சதுரத்தைக் கேட்ட அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பின்னி, ஓரத்தை விட்டு நடுவில் அளக்கவேண்டும். பேட்டர்னில் சொன்னதைவிடக் கண்ணிகள் கூடுதலாக இருந்தால் பெரிய ஊசி, குறைவாக இருந்தால் சின்ன ஊசி. அளக்கமுதல் தோய்த்து, நிழலில் தட்டையாகக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் சோழகக் காற்று இழுத்து இழுத்து அளவையே மாற்றிவிடும்.