நானே ஆயில் மாற்றினேன், வாரண்டி போய்விட்டதா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். பழைய கார் விற்கும் ஷோரூம் ஒன்றில் 2018 மாடல் ஜெர்மன் டீசல் எஸ்யூவியை 36 லட்சத்துக்குப் போன வருடம் வாங்கினேன். தனியாக 1.4 லட்சம் கட்டி இரண்டு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்தேன். சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றக் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நானே இரண்டு முறை மாற்றிக்கொண்டேன். போன மாதம் பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் இறங்கிவிட்டது, கம்ப்ரஸர் போய்விட்டது என்கிறார்கள். வண்டியை விட்ட இடத்தில் டர்போவும் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். செலவு 5 லட்சத்தைத் தாண்டுகிறது. 'வெளியில் ஆயில் மாற்றியதால் வாரண்டி ரத்து' என்று ஒற்றை வரியில் மெயில் அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போடலாமா? பார்க்கிங்கில் ஆயில் மாற்றக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் வேறு கடிதம் கொடுத்திருக்கிறது.

பதில்: போடலாம். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. அந்த ஒற்றை வரி மெயில் இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாகக் கட்டிவிட்டது. முதல் வேலை அதைப் பிரிப்பது.

ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸர் என்பது வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளை நிரப்பும், மின்சாரத்தில் ஓடும் காற்று பம்பு. இன்ஜின் ஆயிலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் ஆயிலையே மாற்றாமல் ஓட்டியிருந்தாலும் அது போயிருக்கும். வாரண்டிப் பட்டியலில் அந்தப் பாகம் இருந்தால், அதை மறுப்பது வெளிப்படையான சேவைக் குறைபாடு. பட்டியலை முதலில் பாருங்கள். சில திட்டங்களில் ஏர் சஸ்பென்ஷனையே விலக்கியிருப்பார்கள். அப்படியிருந்தால் இந்தப் பாதி அதோடு முடிந்தது.

டர்போ கதை வேறு. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம் அது. அதன் ஷாஃப்ட் பேரிங் இன்ஜின் ஆயிலில்தான் சுழல்கிறது. ஆயில் தரமில்லாமல் போனாலோ, குறைந்தாலோ, கரி அடைத்தாலோ முதலில் அடி வாங்கும் பாகங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அவர்கள் சொல்வதை அபாண்டம் என்று ஒதுக்க முடியாது. அதே சமயம், 'காரணமாக இருக்கலாம்' என்பது வேறு, 'அதுதான் காரணம்' என்பது வேறு. விலக்கு ஷரத்தை, அதாவது 'இன்னதற்குப் பொறுப்பில்லை' என்ற நிபந்தனையைக் காட்டிப் பணம் தர மறுப்பவர்தான் அந்த ஷரத்து இந்தச் சேதத்துக்குப் பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். இது காப்பீட்டு வழக்குகளில் நிலைபெற்றுவிட்ட கொள்கை. வாரண்டி வழக்கிலும் அதையே எடுத்து வைக்கலாம்.

சரி, ஷரத்து என்ன சொல்கிறது? 'குறித்த கிலோமீட்டரில், தயாரிப்பாளர் சொன்ன தர ஆயிலால் பராமரிக்க வேண்டும்' என்று மட்டும் இருந்தால், யார் மாற்றினார் என்பது கேள்வியே இல்லை. 'அங்கீகரித்த பணிமனையில் மட்டும்' என்று தெளிவாக இருந்து, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் டர்போ பாதி பலவீனம்தான். மறைக்க விரும்பவில்லை. விதிமுறைப் புத்தகம் உங்கள் கைக்கே வரவில்லை, பில்லும் ஒரு கார்டும்தான் தந்தார்கள் என்றால் நிலைமை மாறும். வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காத விலக்கு ஷரத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2000-இல் மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கிலும், 2019-இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டும் காப்பீட்டு வழக்குகள்தான். ஆனாலும் நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துச் சொல்லத் தகுந்தவை.

இன்னொன்றும் உண்டு. 2014 ஆகஸ்டில் சிசிஐ எனப்படும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. மேல்முறையீடுகள் நடந்தன, அபராதம் சிலருக்குக் குறைந்தது. அது தயாரிப்பாளர்களுக்கு எதிரான உத்தரவு, உங்கள் ஷோரூமை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. நியாயம் எது என்று காட்டத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். நோட்டீஸில் அதை வைத்து மிரட்டினால் எதிர்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

இனி ஆவணங்கள். வழக்கு இதில்தான் நிற்கும், அல்லது விழும். ஆயில் கேன் பில், ஃபில்டர் பில், மாற்றிய அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். கேனின் பின்பக்க லேபிள் முக்கியம். பென்ஸ் என்றால் 229.51 அல்லது 229.52, பிஎம்டபிள்யூ என்றால் லாங்லைஃப்-04, ஆடி என்றால் 507 00 என்பதுபோல உங்கள் வண்டிக்கான கையேடு கேட்கும் அங்கீகார எண் அதில் அச்சாகியிருக்க வேண்டும். வெறும் 5டபிள்யூ-30 போதாது, அது ஆயிலின் பிசுபிசுப்பை மட்டும்தான் சொல்லும். பல ஐரோப்பிய வண்டிகளில் சர்வீஸ் ரீசெட் (சர்வீஸ் நினைவூட்டலைப் புதிதாகத் தொடங்கிவைப்பது) செய்த தேதியும் கிலோமீட்டரும் வண்டியின் நினைவகத்திலேயே பதிவாகும். நீங்கள் ரீசெட் செய்திருந்தால் அதுவே சாட்சி. போனை மாற்றிவிடாதீர்கள், மூலப் படங்கள் அதிலேயே இருக்கட்டும்.

தெரிந்த மெக்கானிக்கிடம் பழைய தேதியில் ஒரு சர்வீஸ் பில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள், எப்போதும் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். வண்டியின் பதிவோடு தேதி ஒத்துப்போகாவிட்டால் ஜெயிக்க வேண்டிய கம்ப்ரஸர் பாதியும் சேர்ந்து போய்விடும். பொய் ஆவணம் தாக்கல் செய்தது தனிக் குற்றமாகவும் ஆகும்.

நடைமுறை இது: மறுப்புக்கான காரணத்தைப் பாகம் வாரியாக, எந்த ஷரத்து எண், எந்தத் தொழில்நுட்ப அறிக்கை என்று கேட்டு ஷோரூமுக்கும் வாரண்டி நிறுவனத்துக்கும் 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்புங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், சில நேரம் அங்கேயே படிந்து வந்துவிடுவார்கள். இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோவை மாவட்ட ஆணையத்தில் புகார். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் அங்கேயே போடலாம், நீங்கள் வசிக்கும் ஊர் என்பதே போதும். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய்தான். மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்தால் எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் மட்டும் நீட்டிக்கலாம். அந்த 45 நாளைத் தாண்டி அனுமதிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. 'அங்கீகரித்த பணிமனை மட்டும்' என்ற ஷரத்தையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்க நினைத்தால் அது மாநில ஆணையத்தின் அதிகாரம். சென்னைக்குப் போக வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

சங்கத்தின் கடிதத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பொது இடத்தில் ஆயில் கறை படிந்தால் அவர்கள் கேட்பது நியாயம். பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு, சாக்கடையில் ஊற்றுவது சட்ட மீறல். கேனில் பிடித்துப் பணிமனையிலோ அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். கறையைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வண்டி இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. கழற்றிய டர்போ ஸ்கிராப்பில் போய்விட்டால் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. நீங்களும் ஒரு சுதந்திரமான ஆட்டோமொபைல் இன்ஜினியரும் இல்லாமல் எதையும் பிரிக்கக் கூடாது என்று இன்றே மெயில் அனுப்புங்கள். பிரிக்கும் அன்று, இன்ஜினில் இப்போது இருக்கும் ஆயிலை வடிக்கும்போது முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, சீல் வைத்து, சர்வீஸ் அட்வைசரின் கையெழுத்தை லேபிளில் வாங்குங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று அங்கிருந்தபடியே இன்னொரு மெயில் போடுங்கள்.