உறக்கத்தில் மட்டும்தான் பேதம் இல்லையா?

வணக்கம். பேதமின்மை ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டுமே உரியது, விழித்ததும் சாதி திரும்பிவிடும் என்று தங்கள் பெரியப்பா பிருகதாரண்யக உபநிடதத்தைக் காட்டி வாதிடுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் காட்டும் பகுதியை (4.3.22) முழுமையாக வாசித்துப் பாருங்கள். அந்நிலையில் தந்தை தந்தையல்லன், தாய் தாயல்லள், தேவர்கள் தேவர்களல்லர், வேதங்கள் வேதங்களல்ல, சண்டாளன் சண்டாளனல்லன், தவசியும் தவசியல்லன் என்று யாக்ஞவல்கிய முனிவர் சனக மன்னருக்கு எடுத்துரைக்கிறார். ஒருவன்மீது சுமத்தப்பட்ட தாழ்வோடு வேதத்தின் உயர்வும் சேர்ந்தே உதிர்கிறது. இதைப் பலரும் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள்.

உரையாடலும் உறக்கத்தோடு நின்றுவிடவில்லை. உள்ளத்தில் பற்றியிருக்கும் ஆசைகள் அனைத்தும் நீங்கியவன் இங்கேயே பிரம்மத்தை அடைகிறான் என்று 4.4.7 கூறுகிறது. கீதையும் (5.18) கற்றறிந்த அந்தணனிடத்தும் பசுவிடத்தும் யானையிடத்தும் நாயிடத்தும் நாயைத் தின்பவனிடத்தும் சமநோக்கு உடையவர்களையே அறிஞர் என்கிறது, அது விழித்திருப்பவரின் பார்வை.

ஆயினும் பெரியப்பாவின் நிலைக்கு மரபில் ஆதாரமே இல்லை என்று மறுத்துவிடாதீர்கள். பேதமற்ற ஒருமையைப் போதித்த அத்வைத ஆசான் சங்கரரே பிரம்ம சூத்திர உரையில் (1.3.34 முதல் 38 வரை) சூத்திரருக்கு வேதக் கல்வி இல்லை என்கிறார். அந்த முரணை மறைக்காமல் அவர்முன் வைத்து, உபநிடதத்தின் பக்கம் நின்று பேசுங்கள். நான் அப்படித்தான் பேசுவேன்.