உன் சொல்லினிமித்தம் அல்ல – கடிதம்

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம், இப்போது சென்னையில் இருக்கிறோம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மூத்தவளுக்கு 14 வயது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லி வருஷம் தவறாமல் பரிசு வாங்கிய பிள்ளை. இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்புக்குப் பேர் கொடுத்தோம். இரண்டு வாரம் போய்விட்டு, இனி போகமாட்டேன் என்கிறாள். "நான் நம்புறேனா, இல்ல நீங்க நம்புறதத் திருப்பிச் சொல்றேனான்னு எனக்கே தெரியலம்மா" என்றாள். போன வருஷம் என் அம்மா புற்றுநோயில் இறந்தார்கள். வீடே உபவாசம் இருந்து ஜெபித்தது. "ஆச்சிக்காக அவ்வளவு ஜெபிச்சோமே, அது எங்க போச்சு?" என்று கேட்டாள். தேவசித்தம் என்றேன், எழுந்து போய்விட்டாள். அடித்தாவது வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் என் கணவர். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்குக் கவலை. பத்து வயது மகனும் அக்காவைப் பார்த்துக் குடும்ப ஜெபத்தில் நெளிய ஆரம்பித்துவிட்டான். அம்மாவின் வேதாகமத்தை அலமாரியில் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. எங்கே தவறினோம்?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். திடப்படுத்தல் என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டிருப்பது அந்தப் பிள்ளைதான். கைக்குழந்தையாக அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளுக்காக நீங்களும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுத்தீர்கள், அதை இனி நானே என் வாயால் சொல்கிறேன் என்று பேராயர் முன்னால் நின்று சொல்வதற்குத்தான் அந்த ஆராதனை. வெள்ளை உடுப்பு, போட்டோ, மத்தியானம் பிரியாணி என்று வீட்டு விசேஷமாக ஆகிப்போனதில் நாம் அதை மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தை அடித்துப் போக்கினால், சபையில் பொய் சொல்லலாம் என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்வாள். ஒரு வருஷம் போகட்டும். அடுத்த வருஷமும் பேராயர் வருவார், உங்கள் கணவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

யோவான் நாலாம் அதிகாரத்தில் சமாரியப் பெண் கிணற்றடியிலிருந்து ஊருக்குள் ஓடுகிறாள், ஊர்க்காரர்கள் முதலில் அவள் பேச்சைக் கேட்டுத்தான் நம்புகிறார்கள். இயேசு அங்கே இரண்டு நாள் தங்கிய பிறகு அவளிடமே, "உன் சொல்லினிமித்தம் அல்ல", நாங்களே கேட்டு அறிந்து விசுவாசிக்கிறோம் என்கிறார்கள். அந்தப் பெண் வருத்தப்பட்டதாக அங்கே எழுதியிருக்கவில்லை. நம் பிள்ளைகள் நம்மிடம் ஒருநாள் சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான், உங்கள் மகள் இப்போது அந்த இரண்டு நாளுக்குள் நிற்கிறாள்.

நம் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரட்சணிய யாத்திரிகம் பாடிய கவிஞர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை நம் சபைகளில் கொண்டாடுகிறோம். வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், 1853இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார், ஞானஸ்நானம் பெற்றது 1858இல். நடுவே ஐந்து வருஷம் ஓடியிருக்கிறது. நம் குடும்பங்களிலும் முதல் தலைமுறைக்காரர் யாரோ ஒருவர் இப்படி யோசித்து, தயங்கி, சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொண்டுதான் வந்திருப்பார். அவருக்குக் கிடைத்த அவகாசத்தை அவருடைய பேத்தியின் பேத்திக்கு நாம் கொடுப்பதில்லை.

ஆச்சியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். "தேவசித்தம்" உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அழுகிற பிள்ளையிடம் அதைச் சொல்லும்போது பேச்சு முடிந்தது, கிளம்பு என்று அர்த்தமாகிவிடுகிறது. எனக்கும் தெரியவில்லை, நானும் அம்மாவுக்காக அப்படித்தான் கதறினேன், எனக்கும் கோபம் இருக்கிறது என்று நீங்கள் அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள். அப்புறம் 88ஆம் சங்கீதத்தை இரண்டு பேருமாக வாசியுங்கள். முடிவில்கூட ஆறுதலாக ஒரு வரி இருக்காது, புலம்பலோடேயே முடிந்துபோகும். அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், தன் கேள்வியும் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றலாம். பன்னிரண்டு வயதில் இயேசுவும் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆராதனைக்கு எல்லாரும் சேர்ந்து போவதும் ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதும் நடக்கட்டும். சேர்ந்து சாப்பிடுவதுபோல அது வீட்டு வழக்கம். ஆனால் வாய்விட்டு ஜெபிக்கச் சொல்லி அவளை வற்புறுத்தாதீர்கள், சும்மா உட்கார்ந்திருக்கட்டும். மகனுக்கு நேரத்தைக் குறையுங்கள், பத்து நிமிஷம் போதும். மனப்பாடம் பண்ணிய வசனங்கள் வீண் என்றும் நினைக்காதீர்கள், அவை உள்ளே கிடக்கும், முப்பது வயதில் ஏதோ ஒரு ராத்திரி தானாக மேலே வரும். எனக்கு வந்திருக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் 14 வயதில் பத்துக் கட்டளையும் விசுவாசப்பிரமாணமும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்து, திடப்படுத்தல் எடுத்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அடுத்த வருஷம் என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு, எட்டு மாசமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் ராத்திரி குடும்ப ஜெபத்தில் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் அப்பாவின் குரல் நின்றுவிட்டது. நாங்கள் கண்ணைத் திறந்து பார்த்தோம். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஜெபத்தை யாரும் முடிக்கவில்லை. அப்பா எனக்கு இதைப் பற்றி எதுவும் விளக்கியதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் இது நிஜம்போல இருக்கிறதே என்று நான் முதல்முதலாக நினைத்தது அந்த ராத்திரியில்தான்.

இன்னொன்று. சென்னையில் படிக்கிற பிள்ளைக்கு நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் பாதி புரியாது. எனக்கு அந்த நடைதான் உயிர், ஆனாலும் அவளுக்கு 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வாங்கிக் கொடுங்கள். மாற்கு நற்செய்தியில் ஆரம்பிக்கட்டும், 16 அதிகாரம்தான், நான்கு நற்செய்திகளில் அதுதான் சின்னது. தனியாக, தன் வேகத்தில் வாசிக்கட்டும். எவ்வளவு வாசித்தாய் என்று கேட்காதீர்கள்.

அலமாரியில் இருக்கிற உங்கள் அம்மாவின் வேதாகமத்தையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து அம்மாமார் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார்கள், தேதிகூட எழுதியிருப்பார்கள். ஆச்சி எந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறாள், எந்த இடத்தில் பக்கம் நைந்திருக்கிறது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும். கொடுக்கும்போது ஒன்றும் சொல்ல வேண்டாம்.