ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிக்கும் என் மகள் 4000 சொல்லில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எப்படிப் பிரித்து எழுதச் சொல்வது?

உங்கள் மகள் பெரிய தலைப்பாக ஒன்றை எடுத்துக்கொண்டு இப்போதே முன்னுரை எழுத உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். முன்னுரையை அப்படியே விடச் சொல்லுங்கள். அதைக் கடைசியில் எழுதலாம்.

நான் ஒரு சர்வதேசப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. எக்ஸ்டெண்டட் எஸ்ஸே எனப்படும் இந்த ஆய்வுக் கட்டுரைக்கு வழிகாட்டியாகவும் இருந்தேன். ஒரு பையன் தாது வருஷப் பஞ்சத்தை எடுத்தான், அதாவது 1876-78. முதல் வரைவில் பாதிக்கு மேல் கதைதான்: மழை பொய்த்தது, ஊர் ஊராகச் செத்தார்கள், வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். தப்பில்லை, ஆனால் கேள்வி எங்கே? "இதில் யாருக்கும் யாருக்கும்டா சண்டை?" என்று கேட்டு அனுப்பினேன்.

அடுத்த முறை பிடித்துக்கொண்டு வந்தான். நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார் பஞ்ச நிலவரத்தைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். அது உடம்பு தாங்காது என்று எதிர்த்தார் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். 1877இலேயே சென்னை அரசு கூலியைக் கூட்டியது. அதற்குக் கார்னிஷின் வாதம் எந்த அளவுக்குக் காரணம்?

அவ்வளவுதான், பகுதிகள் தானாக வந்து உட்கார்ந்தன. பின்னணி சில நூறு சொல்லுக்குள் முடிந்தது. அடுத்து டெம்பிளின் தரப்பு. முந்தைய பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்துவிட்டார் என்று திட்டு வாங்கியவர் அவர், அதனால் இந்தப் பகுதி சுவையாகவே வந்தது. பிறகு கார்னிஷ். அதன் பிறகு நிறைய பிள்ளைகள் விட்டுவிடுகிற பகுதி: கார்னிஷ் வாயே திறக்காவிட்டாலும் அரசு இறங்கி வந்திருக்குமா? மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. நான் வழிகாட்டிய காலத்தில் மொத்தம் 34இல் 12 விமர்சனச் சிந்தனைக்கு. ஒவ்வொரு பகுதிக்கும் "பொருளாதாரக் காரணங்கள்" மாதிரி பெயர் வைக்காமல், அது எதை நிறுவுகிறது என்று ஒரு முழு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் பகுதி தேவையில்லை.

"இது வரலாற்றுக்குச் சரி, இயற்பியலுக்கு?" என்று யாராவது கிளம்புவார்கள். அங்கே சோதனை, தரவு என்று கட்டுரையின் அமைப்பே வேறு, தெரியும். நான் தேர்வாளரும் இல்லை. ஆனால் கேள்வி குறுகாமல் எந்தப் பாடத்திலும் 4000 சொல்லுக்குள் நிற்காது. அதைத் தாண்டினால் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள்.

வழிகாட்டி ஒரு மாணவருக்கு மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஐபியே சொல்கிறது. எங்கள் பள்ளியின் கால அட்டவணையில் அதற்கு ஒரு பீரியட் கூடக் கிடையாது. மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வரைவு படித்தேன். விளம்பரப் பலகையில் மட்டும் "தனிப்பட்ட ஆய்வு வழிகாட்டல்" என்று போட்டார்கள். சரி, அது வேறு கதை.

மகளின் ஆய்வுக் கேள்வியை மட்டும் கருத்துப் பெட்டியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கட்டுரையை அனுப்ப வேண்டாம். வெளியாள் கை வைத்தால் சிக்கல் அவளுக்குத்தான்.